இல்லாத லொறியும் கொம்பனிக்காரரின் நட்டமும்

அமராவதியின் வீட்டில் ஒரு லொறி விவகாரம் நீண்ட காலமாகத் தீராமல் கிடந்தது. லொறி போய்விட்டது என்பது அமராவதியின் கட்சி. லொறி இருக்கிறது என்பது அவளுடைய புருசன் வீரபாகுவின் கட்சி. வீட்டு வளவில் லொறி நிற்கவில்லை. முன்னால் போகும் ஒழுங்கையிலும் நிற்கவில்லை. புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வரைக்கும் நடந்து தேடினாலும் அது எங்கும் நிற்காது. என்றாலும் வீரபாகு பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை.

இது வெறும் புருசன் பெண்சாதி வாக்குவாதமாக இருந்திருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். அமராவதியும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும். ஆனால் அந்த லொறியால் வீட்டுக்கு வரவேண்டிய அரசாங்க உதவிப்பணம் நின்றுபோயிருந்தது. உதவிக்கான கணக்கெடுப்புக்கு வந்த அலுவலர் வாசலில் நின்று, "வாகனம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டபோது வீரபாகு கதிரையில் நிமிர்ந்து இருந்து, "ஓம், லொறி" என்றார். அலுவலர் வீட்டைப் பார்த்தார், கூரைத் தகரத்தைப் பார்த்தார், திரும்ப வீரபாகுவைப் பார்த்தார். "எங்கை நிக்குது?" என்றார். "முள்ளிவாய்க்கால் பக்கம் கிடக்குது. பேர் என்ரை பேரிலைதான்" என்றார் வீரபாகு. அலுவலர் பாவம், தனக்குத் தரப்பட்ட இடத்தில் லொறி என்று பதிந்துகொண்டு போய்விட்டார். உதவி பெறுவோர் பட்டியல் வந்தபோது, மோட்டார் சைக்கிளை மாமனார் வீட்டில் மறைத்து வைத்தவர்களின் பேரெல்லாம் அதில் இருந்தது. லொறி முதலாளி வீரபாகுவின் பேர் இல்லை.

மேன்முறையீடு செய்யலாம் என்று கிராம அலுவலரான விதானையார் சொன்னார். வீட்டுக்காரர் தானே நேரில் வந்து, லொறி இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் மிச்சத்தைத் தான் பார்ப்பதாகவும் சொன்னார். அமராவதி வந்து சொல்ல, வீரபாகு மாட்டேன் என்றார். அதற்கு அவரிடம் ஒரு நியாயமும் இருந்தது.

"இண்டைக்கு நான் இல்லை எண்டு கையெழுத்து வைச்சா, நாளைக்கு வாகனத்துக்கு நட்டஈடு குடுக்கேக்கை, நீதானே இல்லை எண்டனி எண்டு அதையே எடுத்துக் காட்டுவாங்கள். நான் என்ன விசரனே?"

அந்த "நாளைக்கு" வரவேயில்லை. அமராவதி கச்சான் எனப்படும் நிலக்கடலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனாள். பிடுங்குகிற காலத்தில் பிடுங்கினாள், மற்றக் காலத்தில் விதைக்கு உடைத்துக் கொடுத்தாள். விரல் நுனி வெடித்து, மிளகாய்த்தூள் தொட்டால் உயிர் போகும். வீரபாகுவும் சும்மா இருக்கவில்லை. அறுவடைக் காலத்தில் மற்றவர்களின் நெல் வெட்டும் மிசினுக்கு றைவராகப் போவார். ஆனால் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. போன போகத்தில் மிசினை ஒரு வரம்பில் ஏற்றிவிட்ட பிறகு அவரைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. இந்த நிலைமையில்தான் விதானையார் திரும்பவும் சொல்லி அனுப்பினார். மேன்முறையீடு திரும்ப எடுக்கிறார்கள், இந்தக் கிழமையோடு முடிகிறது, இனிமேல் எப்போது என்று தனக்கே தெரியாது.

அமராவதி அதைச் சொன்னபோது வீரபாகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாப்பம்" என்றார். அவருடைய "பாப்பம்" என்றால் என்ன என்பது நாற்பது வருடம் சமைத்துப் போட்டவளுக்குத் தெரியாதா?

அந்த லொறிக்கும் அமராவதிக்கும் பகை ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால், அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள், வீரபாகுவைப் பிறகுதான் பார்த்தாள். இரண்டு பேருமே மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள். எழுபத்தேழாம் ஆண்டு இனக் கலவரத்துக்குப் பிறகு தாய் தகப்பனோடு மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய சனம். வந்தபோது அமராவதி சட்டை போட்ட பெட்டை. வீரபாகு மீசை அரும்பிய பொடியன். அவர் ஒரு நெல் வியாபாரியின் லொறியில் கிளீனராகச் சேர்ந்து, றைவராகி, கடைசியில் அந்த வியாபாரி இனிமேல் ஓடாது என்று கைவிட்ட அதே லொறியைத் தானே வாங்கி ஓட வைத்தார். பெண் பார்க்க வந்ததும் அதில்தான். பின்னால் யாருடையதோ நெல் மூட்டைகள் இறக்கப்படாமல் இருந்தன. போகிற வழியில் பெண்ணையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று வந்திருந்தார். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று தாய் கேட்டபோது, லொறி சொந்தமா என்று அமராவதி கேட்டாள். அந்தக் கதையைச் சொல்லி வீரபாகு எத்தனையோ வருடம் அவளைச் சீண்டியிருக்கிறார்.

அந்த லொறி நல்லாய்த்தான் உழைத்தது. மகள் பிரேமிளாவைப் படிப்பித்தது. ஒரு கல்வீடு கட்டியது. பிறகு கடைசிச் சண்டை வந்தபோது, அயலட்டைச் சனம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், அங்கேயிருந்து விசுவமடு, பிறகு புதுக்குடியிருப்பு என்று ஓடியது. ஒவ்வொரு இடத்திலும் வீரபாகு அதன்மேல் ஓலையும் கொப்பும் போட்டு மூடினார். அதன் கீழே பங்கர் வெட்டி எல்லோரும் படுத்தார்கள். முள்ளிவாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது டீசல் இல்லை. முன் சில்லு இரண்டும் இல்லை. பிரேமிளாவின் காலில் காயம்.

சனம் இராணுவப் பக்கம் நடக்கத் தொடங்கிய அன்று வீரபாகு லொறியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிசம் பொறு, ஒரு வழி பண்ணலாம் என்றார். என்ன வழி? யாருக்குமே அங்கே வழி இல்லை. மகளைச் சாக்கில் கிடத்தி வைத்துக்கொண்டிருந்த அமராவதி அப்போது ஒரு வார்த்தை கேட்டாள்.

"லொறியோ, பிள்ளையோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

வீரபாகு கதவிலிருந்து கையை எடுத்தார். வந்து பிள்ளையைத் தோளில் தூக்கினார், நடந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அமராவதிதான் பார்த்தாள். அந்த வார்த்தையை அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்கு இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்த முதல் நாளே பட்டது. கேட்டது சரி. கேட்ட விதம்தான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. அவர் ஒருபோதும் பிள்ளையை விட்டிருக்கமாட்டார், அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

முகாமை விட்டுப் புதுக்குடியிருப்புப் பக்கம் குடியேறி வந்த பிறகு, விட்டுவிட்டுப் போன வாகனங்களைக் குவித்து வைத்த இடங்களுக்கு வீரபாகு நடையாய் நடந்தார். சிலருக்கு எலும்புக்கூடாவது கிடைத்தது. சேசிஸ் இலக்கத்தைக் காட்டி இரும்பு விலைக்கு விற்று அடுப்பெரித்தார்கள். வீரபாகுவுக்கு ஒரு கதவுகூடக் கிடைக்கவில்லை. கடைசியாகப் போய்வந்த அன்றுதான், "எங்கையோ கிடக்குது" என்று சொன்னார். அன்றிலிருந்து அது கிடக்கிறது. அவர் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அமராவதி குசினிக்குள் போய்விடுவாள். இந்த மனிசன் என்னை மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள். பிரேமிளா கலியாணம் செய்து வவுனியாவுக்குப் போய், இப்போது இரண்டு காலாலும் ஓடியாடித் திரிகிறாள். அதைப் பார்த்தும் இவருக்கு லொறி கிடக்கிறதா என்று கோபமும் வரும்.

விதானையார் சொன்ன அதே கிழமையில்தான் கொம்பனிக் கதை ஊருக்குள் வந்தது.

தெற்கில் எங்கேயோ ஒரு வாகனக் கொம்பனி. உதிரிப்பாகத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து இங்கே பொருத்தி விற்கிற இடமாம். சாமான் கொண்டுவரத் தடை என்று கொஞ்சக்காலம், தடையை எடுத்த பிறகு வெளிநாட்டு வாகனம் வந்து குவிந்தது என்று கொஞ்சக்காலம், இரண்டிலும் அடிவாங்கிப் படுத்துவிட்டது. தொழிலாளர்கள் வாசலில் குந்தியிருக்கிறார்கள். முதலாளிமார் அரசாங்கத்திடம் கை நீட்டுகிறார்கள். கொடுப்பதா விடுவதா என்று தொலைக்காட்சியில் இரவு இரவாகச் சண்டை.

புதுக்குடியிருப்புச் சந்தைக்கு முன்னால் ஓட்டோ நிறுத்துகிற இடத்தில் அந்தச் சண்டை பகலிலும் நடந்தது. அமராவதி உடைத்த கச்சானைக் கொடுக்கப் போனபோது, அப்புத்துரையரும் ஓட்டோக்காரப் பாலனும் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். அப்புத்துரையர் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் செய்கிற குடும்பம். காசு விசயத்தில் கொஞ்சம் இறுக்கம், வாய் மட்டும் தாராளம்.

"உரமில்லை எண்டு எங்கடை பயிர் மஞ்சளாய்ப் போனபோது ஆர் வந்தது? நெல்லு விலை விழேக்கை ஆர் வாறது? கார் செய்யிறவனுக்கு மட்டும் தூக்கிக் குடுக்கவோ? சதமும் குடுக்கக் கூடாது" என்றார் அப்புத்துரையர்.

"உங்கடை வயலுக்கு வாற மிசினுக்குச் சாமான் எங்காலை வரும் எண்டு நினைக்கிறியள்? உள்ளூரிலை ஒண்டு இருந்தாத்தானே விலை அடங்கும்" என்றான் பாலன். "அங்கை வேலை செய்யிறதிலை எங்கடை பொடியளும் இருக்கினம். என்ரை மச்சான் ஒருத்தன் அங்கைதான் பெயின்ற் அடிக்கிறான். சிங்களப் பொடியளோடை சேர்ந்து வாசலிலை குந்தியிருக்கிறான்."

"பெயின்ற் அடிக்கிறவனுக்கோ குடுக்கப்போகினம்? முதலாளிக்குப் போகும். முதலாளி அதிலை தனக்கொரு கார் வாங்குவான்."

இருந்தவர்கள் சிரித்தார்கள். அமராவதி அப்புத்துரையர் பக்கம். அதை அவள் வாய் திறந்து சொல்லவில்லை, சந்தையில் யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. ஆனால் வழிநெடுகப் பொருமிக்கொண்டே வந்தாள். லயத்தில் பிறந்து காடு வெட்டினவனுக்கு ஒரு லொறியும் போச்சு, உதவிப்பணமும் போச்சு. கண்ணாடிக் கட்டடத்தில் இருந்து நட்டப்பட்டவனுக்கு என்ன வேணும் என்று நாடே கூடிக் கதைக்கிறது. இது என்ன நியாயம்?

அதற்குப் பிறகு இரண்டொரு நாளில் சுரேகா ஊருக்குள் இறங்கினாள். பக்கத்துக் குறிச்சிப் பெட்டை, பட்டம் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், எந்த நிறுவனம் என்ன கணக்கெடுக்கக் கூப்பிட்டாலும் போகிறவள். கிணறு எத்தனை, கக்கூஸ் எத்தனை, விதவைகள் எத்தனை, கோழி எத்தனை என்று வீடு வீடாகக் கேட்டுக் கேட்டு, ஊரில் யாருடைய கோழி எப்போது செத்தது என்பதுவரை அவளுக்குத் தெரியும். இந்த முறை கொழும்பில் இருக்கிற ஆய்வுக்காரர்கள், நட்டப்பட்ட வாகனக் கொம்பனிகளுக்கு அரசாங்கம் கைகொடுப்பதைப் பற்றிப் பொதுமக்களின் கருத்து என்ன என்று நாடு முழுவதும் கேட்டு அறிகிறார்களாம். கையில் டப் என்கிற தொடுதிரைக் கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

வன்னிச் சனத்துக்கு இதெல்லாம் புதிதில்லை. வாசலில் யாராவது பதியக் கருவியோடு வந்து நின்றால் அது பதிவு. பதிந்தால் ஒரு நாளைக்கு ஏதாவது வரும். வீடு வரலாம், ஆடு வரலாம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு தண்ணீர்த் தாங்கி வரலாம். சுரேகா முதல் வீட்டில் இருந்துகொண்டு "வாகனம்", "நட்டம்", "அரசாங்க உதவி" என்று மூன்று சொல்லை வாசித்தாள். அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரி பின்வேலியால் எட்டிப் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல, சுரேகா அடுத்த ஒழுங்கைக்குத் திரும்ப முன்னமே செய்தி அவளை முந்திக்கொண்டு போய்விட்டது. சண்டையில் போன வாகனத்துக்கு நட்டஈடு பதிகிறார்களாம்.

சுரேகா வீரபாகுவின் வாசல் படலைக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பின்னால் ஒரு சிறு ஊர்வலமே வந்தது. கை உழவு லாண்ட்மாஸ்டர் இழந்தவர், பெட்டியோடு உழவு மிசினை விட்டவர், சைக்கிள் பறிகொடுத்தவர், தகப்பனுடைய மோட்டார் சைக்கிளுக்கு உரிமை கேட்கிற மகன். வளவு நிறைந்துவிட்டது. வீரபாகு வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். முகம் மாப்பிள்ளை முகம்.

"பாத்தியோ?" என்றார் அமராவதியிடம். "இதுக்குத்தான் சொன்னனான். அண்டைக்கு இல்லை எண்டு கையெழுத்து வைச்சிருந்தா இண்டைக்கு என்ன முகத்தோடை கேக்கிறது?"

ஒருவேளை இந்த மனிசன் சொன்னதுதான் சரியோ என்று ஒரு கணம் அமராவதிக்கே பட்டது. அந்த ஒரு கணத்துக்காக அவள் பிறகு தன்னைத்தானே ஏசிக்கொண்டாள்.

சுரேகாவுக்கு விசயம் விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் செத்துப்போயிற்று. அவள் நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு எல்லோரிடமும் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். சனம் சந்தோசமாக எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லியிருக்கும், அவளுடைய வேலையும் ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆனால் அவள் டப்பை மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஐயாமார், அம்மாமார், ஒருக்கால் கேளுங்கோ. இது உங்கடை வாகனத்துக்கு இல்லை. கொழும்புப் பக்கத்துக் கொம்பனி ஒண்டு நட்டப்பட்டுப் போச்சு. அதுக்கு அரசாங்கம் காசு குடுக்கலாமோ எண்டு உங்களிட்டைக் கருத்துக் கேக்கினம். வேறை ஒண்டும் இல்லை. இதாலை ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. நான் பொய் சொல்லேலாது."

கூட்டத்திலிருந்து ஒருவர், "அப்ப எங்களுக்கு?" என்றார். "உங்களைப் பற்றி இதிலை கேள்வி இல்லை ஐயா" என்றாள் சுரேகா. இன்னொருவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். சைக்கிள் பறிகொடுத்தவர் மட்டும் போகும்போது, "நீ என்ன செய்வாய் பிள்ளை" என்று சுரேகாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

வளவில் மூன்று பேர்தான் மிச்சம். வீரபாகு அந்த வெள்ளைச் சேட்டோடு அப்படியே இருந்தார். அமராவதி சண்டை பிடிக்காமல் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து சுரேகாவுக்கும் அவருக்கும் கொடுத்தாள். பிறகு சுளகை எடுத்து வைத்துக்கொண்டு கீழே இருந்து கச்சான் உடைக்கத் தொடங்கினாள்.

"ஐயா, உங்கடை வீடும் கேக்கவேண்டிய வீடுகளிலை தெரிவாகியிருக்குது. விருப்பமில்லாட்டி விடுங்கோ, நான் அப்பிடியே பதிஞ்சுவிடுறன்" என்றாள் சுரேகா.

வீரபாகு தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார்.

"கருத்துத்தானே கேக்கினம்?"

"ஓம் ஐயா."

"இவ்வளவு காலமும் வந்தவையெல்லாம் என்ன இழந்தனீங்கள் எண்டுதான் கேட்டவை. என்ன நினைக்கிறீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கேள் பிள்ளை. ஆறுதலாய்க் கேள்."

சுரேகா வாசித்தாள். நட்டத்தில் இயங்கும் வாகன உற்பத்தியாளர்களுக்குப் பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து நிதியுதவி வழங்குவதை நீங்கள் மிகவும் ஆதரிக்கிறீர்களா, ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா, மிகவும் எதிர்க்கிறீர்களா?

"எதிர்க்கிறம் எண்டு போடு. மிகவும் எண்டு போடு" என்றாள் அமராவதி சுளகைப் பார்த்தபடி.

"உன்னையே கேட்டது?" என்றார் வீரபாகு. சுரேகா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

வீரபாகு யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, வெளியே ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு, பெரிய மனிசத் தோரணையில் நல்லாய் யோசித்தார். அங்கே எத்தனை பேர் வேலை என்று கேட்டார். சுரேகாவுக்குச் சரியாகத் தெரியவில்லை, கனபேர் என்றாள். சம்பளம் வருகிறதா என்று கேட்டார். இல்லையாம் என்றாள்.

"குடுக்கட்டும்" என்றார் கடைசியில். "ஓடிக்கொண்டிருந்தது நிண்டுபோனா ஒரு வீடு என்ன பாடுபடும் எண்டு எனக்குத் தெரியும். சிங்களவனெண்டால் என்ன, தமிழனெண்டால் என்ன, சில்லு நிண்டா நிண்டதுதான். ஆனா முதலாளியின்ரை கையிலை குடுக்கக் கூடாது. வேலை செய்யிற பொடியளுக்குப் போகவேணும்."

"அப்பிடி எழுத இடமில்லை ஐயா. நாலிலை ஒண்டைத்தான் சொல்லவேணும்."

"அப்ப ஆதரிக்கிறேன் எண்டு போடு. மிகவும் வேண்டாம்."

அமராவதிக்கு எரிச்சல் தலைக்கேறியது. "எங்களுக்கு இல்லாத காசு அவைக்கு எங்காலை வந்தது?" என்றாள். சுரேகா அடுத்த கேள்விகளுக்குப் போனாள். வயது, படிப்பு, தொழில். வீரபாகு ஒவ்வொன்றுக்கும் அளந்து பதில் சொன்னார். பிறகு அவள் கொஞ்சம் தயங்கி, டப்பைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

"உங்கள் வீட்டில் யாருக்காவது சொந்தமாக மோட்டார் வாகனம் உண்டா?"

அமராவதியின் விரலில் இருந்த கச்சான் உடையாமல் நின்றது. ஊருக்கே தெரிந்த கதை சுரேகாவுக்குத் தெரியாதா? அவளும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தாள்.

வீரபாகு வழக்கம்போல உடனே சொல்லவில்லை. "இதை ஏன் கேக்கினம்?" என்றார்.

"வாகனம் வைச்சிருக்கிற ஆக்கள் என்ன சொல்லினம், இல்லாத ஆக்கள் என்ன சொல்லினம் எண்டு பிரிச்சுப் பாக்கிறதுக்கு ஐயா."

"அப்ப நான் லொறி இருக்கெண்டு சொன்னா, இவன் தன்ரை லொறிக்குச் சாமான் வேணுமெண்டு கொம்பனிக்குக் கதைக்கிறான் எண்டு நினைப்பினம்."

"அப்பிடியும் நினைக்கலாம்தான்."

"நான் எனக்காகச் சொல்லேல்லை. அந்தப் பொடியளுக்காகத்தான் சொன்னனான்." வீரபாகு வெறும் கிளாசைக் கையில் வைத்து உருட்டினார். பிறகு அதைக் கீழே வைத்தார். "இல்லை எண்டு போடு பிள்ளை."

சுரேகா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன ஐயா?"

"வாகனம் இல்லை. அப்பிடித்தான் போடு."

சுரேகா போட்டாள். இன்னும் ஒன்றிரண்டு கேள்வி இருந்ததைக் கேட்டு முடித்து, நன்றி சொல்லி, அமராவதியின் பக்கம் பாராமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கெட்டிக்காரி, அங்கே இனித் தனக்கு வேலை இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

அமராவதி சுளகைத் தள்ளி வைத்தாள். முதலில் வந்தது கோபம்தான். எத்தனை தரம் கெஞ்சியிருப்பாள்! விரல் வெடித்துக் கிடந்தபோது சொன்னாரா? சீனி இல்லாமல் தேத்தண்ணி குடித்தபோது சொன்னாரா? முகம் தெரியாத கொம்பனிக்காக, கொழும்பில் எவனோ தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லிவிட்டார்!

"எனக்காக ஒருக்காலும் வராத சொல்லு, ஆரோ பெயின்ற் அடிக்கிறவனுக்காக வந்திட்டுது, என்ன?" என்றாள்.

வீரபாகு சேட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். "லொறி போனது எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனி?" என்றார். "முள்ளிவாய்க்காலிலை கதவிலையிருந்து கையை எடுக்கேக்கையே தெரியும்."

"பின்னை நட்டஈடு நட்டஈடு எண்டு கத்தினது?"

"அதுவும் வரலாம் எண்டுதான் நினைச்சனான். ஆனா..." பொத்தானைக் கழற்றித் திரும்பவும் பூட்டினார். "லொறியோ பிள்ளையோ எண்டு அண்டைக்குக் கேட்டது நீ. லொறி போயிட்டுது எண்டு நான் வாயாலை சொன்னா, அது உன்ரை தலையிலை வந்து விழும். நீ சொல்லித்தான் போனதெண்டு வரும். கிடக்குது எண்டு சொன்னா ஒருத்தரிலையும் பழி இல்லை."

அமராவதிக்கு அழுகை வந்தது. அடக்க முயன்றாள், முடியவில்லை. அடக்குகிற வயதும் இல்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பொத்தாமலே அழுதாள்.

"விசர் மனிசன்" என்றாள் அழுகைக்கு நடுவில். "நீங்கள் கிடக்குது எண்டு சொல்லச் சொல்ல, ஏன் விடச் சொன்னனி, ஏன் விடச் சொன்னனி எண்டு என்னைக் கேக்கிறியள் எண்டெல்லோ நான் நினைச்சனான். இத்தனை வருசமும் அதையெல்லோ தூக்கிக்கொண்டு திரிஞ்சனான்."

வீரபாகுவுக்கு, அவளுடைய பக்கம் ஒரு கதை இருக்கும் என்பதே தெரியவில்லை. ஒரே பாயில் படுத்து ஒரே சட்டியில் தின்ற இரண்டு சீவன்கள், ஒருவரையொருவர் நோகடிக்கக் கூடாது என்றே இத்தனை காலமும் நோகடித்திருக்கிறார்கள். அவர் கதிரையை விட்டு இறங்கி, முழங்கால் முறிகிற சத்தத்தோடு அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் சுளகை இழுத்து வைத்துக்கொண்டு கச்சான் உடைத்தார். அவருக்கு உடைக்கத் தெரியாது, பாதி பருப்பு நசிந்தது. அமராவதி அழுதுகொண்டே அவருடைய கையிலிருந்து சுளகைப் பறித்தாள்.

"விதைக் கச்சான். நசிச்சா அவையள் எடுக்காயினம்."

மறுநாள் வெயில் ஏற முன்னம் இரண்டு பேரும் விதானையாரின் அலுவலகத்துக்குப் போனார்கள். வாங்குப் பலகையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அப்புத்துரையரும் இருந்தார், வேறு ஏதோ அலுவலாக. வீரபாகுவைக் கண்டதும், "என்ன, லொறி முதலாளி இஞ்சை?" என்றார். வீரபாகு சிரிக்க முயன்றார். அமராவதி அப்புத்துரையரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

முறை வந்தது. விதானையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய விபரத்தைத் தேடி எடுத்து, பேனையைத் திறந்தார்.

"லொறி எண்டு கிடக்குது. இப்ப என்ன சொல்லுறியள்?"

வீரபாகு தொண்டையைச் செருமினார். வீட்டில் சொன்னது இங்கே வரவில்லை. வாங்கில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி மனிசியைப் பார்த்தார்.

அமராவதி ஒரு அடி முன்னால் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"லொறி இல்லை ஐயா" என்றாள். "முள்ளிவாய்க்காலிலை விட்டிட்டு வந்தனாங்கள். ரண்டு பேரும் சேர்ந்துதான் விட்டனாங்கள்."